கடலுக்குச் செல்ல வேண்டாம்

ஜூன் 2

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மதியம் என் மனைவி பிரமுவின் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சிலிண்டர்காரர் எடை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பரிசோதனை நிலையத்துப் பெண் ஒன்றும் சொல்லாமல் உறையை ஒட்டிக் கொடுத்தாள்.

பிரமுவின் வலது மார்பில் இருப்பது நல்ல கட்டி அல்ல. உடனே அறுவை சிகிச்சை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுதல், முடி கொட்டும், திரும்ப முளைக்கும் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்.

"ஜூலை பன்னெண்டாம் தேதி கப்பல்ல போகலாமா டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன்.

ஜூன் 3

கப்பலைப் பற்றி எழுத வேண்டும்.

வானிலைத் துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற எச்சரிக்கையைப் பெரும்பாலும் நான்தான் எழுதுவேன். மீனவர்கள் போனார்கள். அந்த எச்சரிக்கைக்கு முழுமையாகக் கட்டுப்பட்டு நடந்தவன் நான் ஒருவன்தான். கடல் என்னைக் கணுக்காலுக்கு மேல் தொட்டதில்லை.

போன பிப்ரவரியில், என் எழுபதாவது பிறந்தநாளன்று, பிரமு செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல்.

"ஊரையெல்லாம் போகாதே போகாதேன்னு சொன்னது போதும். ஒருதடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க. ரிட்டயர் ஆனவங்க சொல்லை மீறினா யாரு கேக்கப் போறாங்க?"

பணம் முழுவதையும் கட்டிப் பதிவு செய்தேன். ஜன்னல் உள்ள அறை. ஜன்னல் வேண்டும் என்று சொன்னது அவள். வழியில் தண்ணீரைத் தவிர வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். "அதைத்தான் பாக்கணும்" என்றாள்.

ஜூன் 4

பிரமுவின் நோயை யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவள் பிரமு.

எங்கள் மகள் காந்திமதிக்குப் பெங்களூரில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல இடம். போன வருடம் இதேபோல் ஒரு நல்ல இடம், பெண்ணின் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்ததாம் என்று யாரோ சொல்லி, வெற்றிலை மாற்றும் முன்பே நழுவிப் போனது. அந்தப் பெரியம்மா பிரமுவின் அக்கா. இப்போது அம்மாவுக்கே என்றால் கேட்க வேண்டாம்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை மறைக்க முடியாது. கப்பலுக்குப் போகாததையும் மறைக்க முடியாது. பிப்ரவரியிலிருந்து சொந்தக்காரர்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டாள். ஆகவே எனக்கு நோய் என்று அறிவிக்கப்படும்.

என்ன நோய் என்பதை மாப்பிள்ளை பார்ப்பது போல அலசினோம். இதய நோய் கூடாது, கல்யாணத்தன்று அப்பா இருப்பாரா என்று கேட்பார்கள். சர்க்கரை எல்லாருக்கும் இருக்கிறது, அதற்காகக் கப்பலை விட மாட்டார்கள். மூலம் பொருத்தமானது, ஆனால் சம்பந்தியாக வரப்போகிறவர்களிடம் சொல்லக்கூடியது அல்ல. கடைசியில் குடலிறக்கம் தேர்வானது. பரம்பரையில் வராது, உயிருக்கு மோசமில்லை, யாரும் காட்டச் சொல்லவும் மாட்டார்கள்.

"உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள் பிரமு.

ஜூன் 6

கப்பல் நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். காத்திருக்கும்போது அலையோசை போடுகிறார்கள். வங்கக் கடலின் அலை அல்ல அது. இரண்டு அலைகளுக்கு நடுவில் இவ்வளவு ஓய்வு நம் கடலுக்குக் கிடையாது.

பெனிட்டா என்ற பெண் பேசினாள். மரியாதையான பெண். மூன்று வழிகளைச் சொன்னாள்.

ரத்து செய்தால் ஒன்றும் திரும்பி வராது. வேறு இருவர் பெயருக்கு மாற்றலாம், ஜூலை ஐந்தாம் தேதிக்குள். அல்லது, நோய் என்பதால், ஒரே ஒருமுறை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். தேதியை அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு அதை மாற்றவோ பிறருக்குக் கொடுக்கவோ முடியாது.

"இன்னொண்ணு சார். அது இருவருக்கான அறை. தள்ளி வச்ச டிக்கெட்ல ரெண்டு பேரும் வரணும்."

"ஒருவர் மட்டும் வந்தால்?"

"ஏத்த மாட்டாங்க சார்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிரமு கூடத்திலிருந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தாள்.

"யார் பேருக்காவது மாத்திருங்க. தள்ளி வைக்கிறதெல்லாம் வேண்டாம்" என்றாள்.

ஜூன் 9

காந்திமதி பேசினாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். இது எந்தக் காலம், இதையெல்லாம் மறைப்பார்களா, அப்படிப்பட்ட இடம் தனக்கு வேண்டாம் என்று அரைமணி நேரம் சொன்னாள். நியாயமான பேச்சு. அம்மாவிடம் சொல் என்று போனைக் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் காந்திமதி அழுதுகொண்டே சம்மதித்தாள். பிரமு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரசத்துக்குப் புளியை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் குறித்துக்கொள்ளவில்லை. அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 11

ஆபரேஷன். வெளியே போட்டிருந்த நாற்காலிகள் இரும்பு. மழை இல்லை.

ஜூன் 13

மாலை நான்கு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். மூன்றரைக்கே பிரமு கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். "ஏறிப் படுங்க" என்றாள்.

காயத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியும் அவளோடு இணைந்திருக்கின்றன. குப்பியை மஞ்சள் துணிப்பைக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலையை இழுத்துப் போர்த்தி, துணைக்கு வந்தவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கட்டிலில் போர்வைக்குள் படுத்தேன். போர்வை வெதுவெதுப்பாக இருந்தது.

குற்றாலம் என்கிற பிரமுவின் தம்பி வந்தான். கூடவே அவன் மனைவி உலகம்மாள், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், ஒரு பை சாத்துக்குடி.

"என்னத்தான், இப்படிப் படுத்திட்டீங்க?"

"படுக்கச் சொன்னார்கள்" என்றேன்.

"முகம் தெளிவாத்தான் இருக்கு. அக்காதான் வாடிப் போயிட்டா. பாரு உலகு, நோயாளிய விட வச்சுப் பாக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்."

"ஆமா, மைனி பாதியாயிட்டாங்க" என்றாள் உலகம்மாள். "அந்தப் பையை இங்க குடுங்க மைனி, எவ்வளவு நேரம் மடியிலயே வச்சிருப்பீங்க."

"இருக்கட்டும் உலகு."

"சும்மா குடுங்க."

"சாமி பிரசாதம். கை மாறக்கூடாது" என்றாள் பிரமு.

உலகம்மாள் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வயதானவர். கட்டிலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஹார்லிக்ஸைப் பார்த்தார். என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார்.

"இவரு நெசமாவே டாக்டரைப் பாக்கணும்" என்று பிரமுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குற்றாலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அந்தக் கப்பல் டிக்கெட் வீணாப் போகக்கூடாதுல்லா அத்தான்?"

"நீயே எடுத்துக்கோ" என்றாள் அவன் அக்கா.

குடலிறக்க அறுவை முடிந்து இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து மறுப்புச் சொல்வது முறையாகாது. படுத்திருந்தேன்.

ஜூன் 14

எனக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நோயை இவ்வளவு சிரமப்பட்டுத் தேர்ந்தெடுத்தது வீண்.

ஜூன் 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி போடப் பிரமு எழுந்து போகிறாள். நான் சோபாவில் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, நலம் விசாரிக்கப்படுகிறேன். அவர்கள் படியிறங்கியதும் இடம் மாறிக்கொள்கிறோம்.

பிரமுவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆகவே தலைபின்னும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பின்னலுக்கு மூன்று கால். எப்படிப் போட்டாலும் மூன்றாவது கால் கையில் மிஞ்சுகிறது.

"கொட்டப் போற முடிதானே, எப்படியோ கட்டுங்க" என்றாள்.

அவிழ்த்து மறுபடி பின்னினேன். வேலை என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும்.

குற்றாலம் மூன்று செய்திகள் அனுப்பியிருக்கிறான். கப்பலில் மாங்காய் ஊறுகாய் அனுமதிப்பார்களா? ஜன்னல் கிழக்கா மேற்கா? காலையில் வெயில் முகத்தில் அடித்தால் அறையை மாற்றித் தருவார்களா?

ஜூன் 24

முழு அறிக்கை வந்தது. அக்குளிலும் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். என்ன வாய்ப்பு என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பொதுவா நல்லாவே இருக்கக்கூடும். ஓரிருத்தருக்கு மாறலாம்."

இந்த நடையை நான் அறிவேன். எங்கள் அலுவலகத்தில் இதை எழுதுகிற நாளில் குடை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம்.

ஜூன் 27

மாப்பிள்ளை வீட்டார் ஜூலை மூன்றாம் தேதி வெற்றிலை மாற்ற வருகிறார்கள். குடலிறக்கக்காரரை அலைய வைக்க வேண்டாம் என்று அவர்களே சென்னை வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கையைச் சரியாக்க ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். சுவரோரம் நின்று விரல்களை எறும்பு போல மேலே ஊரவிட வேண்டும். எட்டிய இடத்தில் பிரமு பென்சிலால் கோடு போடுகிறாள். நான்கு நாளாகக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இன்னும் தோள் உயரம் வரவில்லை.

மூன்றாம் தேதி மாப்பிள்ளையின் தாயாருக்கு நெற்றியில் குங்குமம் இட்டு, தலையில் பூ வைக்க வேண்டும். அந்த அம்மாள் பிரமுவை விட ஒரு சாண் உயரம். உயரத்தைப் பெண் பார்க்கும்போது யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 2

சுவரைத் துடைத்தேன். கோடுகள் போயின.

ஜூலை 3

எட்டுப் பேர் வந்தார்கள். கூடத்தில் இடம் போதாது என்று நான் சோபாவைத் தூக்கி உள்ளறையில் போட்டேன். தூக்கும்போது மாப்பிள்ளையின் தாயார் வடிவாம்பாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சற்றுத் தாமதமாகப் பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

வடிவாம்பாள் அதிகம் பேசாதவர். அவர் கணவரும் பேசாதவர், ஆனால் அவருக்கு வேறு வழியில்லாததால். எங்கள் தரப்பில் பேச்சுக்குக் குற்றாலமும் சம்பிரதாயத்துக்கு உலகம்மாளும் பொறுப்பு. எந்தத் தட்டு எந்தக் கையில், எந்தப் பழம் எந்தப் பக்கம் என்று உலகம்மாளுக்குத் தெரியாதது இல்லை.

எல்லாரும் எழுந்து நின்றோம். தட்டு மாறியது. அதைப் பிரமு கீழாகவே பிடித்துச் சமாளித்தாள். பிறகு குங்குமச் சிமிழை எடுத்தாள்.

வலது கை நெஞ்சு வரை போனது. அங்கே நின்றது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, மேலுதட்டில் மட்டும் வேர்வை. பிறகு இடது கை தானாக உயர்ந்து, சிமிழில் தொட்டு, வடிவாம்பாளின் நெற்றிக்குப் போனது.

"மைனி, இடது கை" என்றாள் உலகம்மாள்.

எட்டுப் பேரும் கேட்டார்கள். பீச்சாங்கையால் பிச்சை கூடப் போடுவதில்லை. சம்பந்தி நெற்றியில் குங்குமம் வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பிரமுவின் கை காற்றில் நின்றது. குற்றாலம் மின்விசிறியைப் பார்த்தான். காந்திமதி வாயைத் திறந்தாள், அவளுடைய அம்மா கண்ணாலேயே அதை மூடினாள்.

வடிவாம்பாள் அந்த இடது கையைப் பார்த்தார். மடங்கி நின்ற வலது கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் ஒரு பார்வை. முழங்காலில் கையை ஊன்றி, மெதுவாக, ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மறந்தே போச்சு" என்றார். "எங்க பக்கம் நின்னுக்கிட்டு வாங்கப்பிடாது. கீழ உக்காந்துதான் வச்சுக்குவோம்."

அவர் கணவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது ஆண்டுக் குடித்தனத்தில் கேள்விப்படாத வழக்கம் என்பது அவர் முகத்தில் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, "ஆமா, உக்காந்துதான்" என்றார்.

"இது நான் கேள்விப்பட்டதில்லையே" என்றாள் உலகம்மாள்.

"எங்க தெருவுல மட்டும் உண்டு" என்றார் வடிவாம்பாள். தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார். "இப்ப வைங்க சம்பந்தி."

பிரமு வலது கையால் வைத்தாள். பூவும் வைத்தாள். பூ கொஞ்சம் கோணலாக நின்றது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. போகும்வரை கோணலாகவே வைத்திருந்தார்.

புறப்படும்போது, லிஃப்ட் வருவதற்குள் என்னிடம் பேசினார்.

"உங்க குடலிறக்கம் சௌகரியமா இருக்கா?"

"பரவாயில்லை" என்றேன்.

"எங்க சின்னம்மா இப்படித்தான் கையை வச்சிருந்தாங்க. இப்ப எண்பது வயசாவுது, வாய் அடங்கல." லிஃப்டின் பொத்தானை மறுபடி அழுத்தினார். "தையில கல்யாணம் வேண்டாம் சம்பந்தி. அவங்க தலையில பூ வைக்கிற அளவுக்கு முடி வளரட்டும். வைகாசியில வச்சுக்குவோம். நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. அவங்களா சொல்லுதப்போ நான் புதுசா கேட்டுக்குவேன்."

லிஃப்ட் வந்தது.

அவர்களைக் கீழே விட்டுவிட்டு மேலே வந்தபோது பிரமு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். "அவங்க தெருவுல அப்படி ஒரு வழக்கம் இருக்கப் போய்த் தப்பிச்சோம்" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

ஜூலை 4

குற்றாலத்துக்குப் போன் செய்து, டிக்கெட்டை மாற்றித் தர முடியாது என்றேன்.

"ஏன் அத்தான்? நான் தொப்பியெல்லாம் வாங்கிட்டேனே."

"வெயிலுக்கு ஆகும்."

"நீங்க ஆபரேஷன் ஆனவரு. எப்பப் போவீங்க?"

"அடுத்த வருடம்."

"அடுத்த வருஷம் யாரு எப்படி இருப்போமோ" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகச் சொல்கிற வார்த்தைதான். இருந்தாலும் போனை வைத்துவிட்டேன்.

காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். ஜன்னலில் வெயில் அடிக்குமா என்று கேட்கிறவனிடம் வங்கக் கடலை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. வேறு காரணம் இல்லை.

தலை பின்னும்போது பிரமு ஆரம்பித்தாள். "தம்பிக்கே குடுத்திருக்கலாம். யாராவது ஒருத்தர் கடலைப் பாத்திருப்பாங்க. தள்ளிவச்சா ரெண்டு பேரும் வந்தாத்தான் ஏத்துவாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப நான் வரலைன்னா..."

"தலையை ஆட்டாதே" என்றேன்.

இன்று மூன்று காலும் சரியாக வந்தன.

ஜூலை 5

பெனிட்டாவுடன் பேசினேன். அதே அலை.

"தள்ளி வைக்கிறீங்களா சார்? தேதி இப்பவே சொல்லணும். அப்புறம் மாத்த முடியாது."

நான் இருந்த துறையில் ஐந்து நாளைக்கு மேல் உறுதியாக எதையும் சொல்வதில்லை. அதற்கு மேல் சொல்கிறவர்கள் கிளி வைத்திருப்பார்கள். அடுத்த ஜூன் இருபத்தாறு என்றேன். வைகாசியில் கல்யாணம் முடிந்து, வீடு கொஞ்சம் ஒழிந்திருக்கும்.

"ரெண்டு பேரும் கண்டிப்பா வருவீங்களா சார்? மன்னிச்சுக்கோங்க, இதைக் கேட்டே ஆகணும். போன் கால் பதிவாகுது."

"வருவோம்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். சரியா விழல."

மறுபடி சொன்னேன். அடுத்த அறையில் இருந்த பிரமு எதையோ கீழே போட்டாள்.

ஜூலை 12

பிரமுவுக்கு முதல் மருந்து இன்று. தேதி அப்படி அமைந்தது. சாய்வு நாற்காலி, கால்வரை போர்த்திக்கொள்ளக் கம்பளி, கேட்டதும் பழச்சாறு, பக்கத்தில் மணி. விளம்பரத்தில் கப்பல்காரர்கள் சொன்னதில் ஜன்னலைத் தவிர எல்லாம் இருந்தது.

சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாள் படித்தேன். தென் தமிழகக் கடலோரத்தில் பலத்த காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று போட்டிருந்தது. வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது. என் காலத்தில் இருந்திருக்காது.

"மணி அஞ்சாச்சா?" என்றாள். கப்பல் புறப்படும் நேரம்.

"ஆகிவிட்டது."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அடுத்த ஜூன் இருபத்தாறுன்னு சொன்னீங்களே. அன்னிக்குக் கடல் எப்படி இருக்கும்?"

கல்யாணமான நாளிலிருந்து இப்படிக் கேட்டுவருகிறாள். வற்றல் காயவைக்கலாமா, துணி உலருமா, குடை வேண்டுமா. ஒருமுறை கூட நான் நேராகப் பதில் சொன்னதில்லை. வாய்ப்பு இருக்கிறது என்பேன், ஓரிரு இடங்களில் என்பேன், பார்க்கலாம் என்பேன். அவள் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு அவளாக முடிவு செய்வாள்.

ஜூன் கடைசி வாரத்தில் வங்கக் கடலில் காற்று எப்படி வீசும், அலை எவ்வளவு எழும் என்பதற்கு முப்பத்தொரு ஆண்டுக் கணக்கு என் தலையில் இருக்கிறது.

"நல்லா இருக்கும்" என்றேன்.